அல்லி நிற்கும் மூலை

மார்ச் 3, திங்கள்

டாக்டர் நஸ்ரின் இன்று இந்த நோட்டைக் கொடுத்தார். "தெய்வானையக்கா, அல்லிக்குத் தினமும் என்ன சொல்லிக் கொடுத்தீங்க, என்ன கொடுத்தீங்க, அவ என்ன செஞ்சா, மூணையும் எழுதுங்க. மனசுல தோணுறதையும் எழுதுனா தப்பில்ல" என்றார். மனதில் தோன்றுவதை எழுதிப் பழக்கமில்லை. தீவன அறையில் இத்தனை நாள் எடைக் கணக்கு மட்டும்தான் எழுதியிருக்கிறேன்.

அல்லி பதினாறு வயதுப் பெண்புலி. எங்கள் உயிரியல் பூங்காவிலேயே மூத்தவள். சிறுநீரகம் கெட்டுக்கொண்டு வருகிறது. போன மாதம் மயக்க ஊசி போட்டு ரத்தம் எடுத்தார்கள். அவள் எழுந்து நிற்க ஒன்பது மணி நேரம் ஆயிற்று. இன்னொரு முறை மயக்கினால் எழாமலே போகலாம் என்கிறார் டாக்டர். அதனால் விழித்திருக்கும்போதே, அவளாக வந்து ரத்தம் கொடுக்கப் பழக்க வேண்டும். புலி ஏன் கொடுக்கும் என்று கேட்டேன். "கறிக்காகக் கொடுக்கும்" என்றார்.

என் கணவர் சென்னியப்பன் பதினோரு வருடம் பார்த்த புலிக்கூடம் இது. அவர் போய் இந்தச் சித்திரையோடு நான்கு வருடம். கருணை அடிப்படையில் எனக்கு வேலை கொடுத்து, கறி வெட்டப் போட்டார்கள். இன்றிலிருந்து இங்கே மாற்றியிருக்கிறார்கள். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 4, செவ்வாய்

பூங்காவுக்கு விடுமுறை. புலிகளுக்குப் பட்டினி நாள். கூடம் கழுவினோம்.

மார்ச் 6, வியாழன்

விசில் ஊதினால் ஒரு துண்டு கறி. வேறொன்றும் இல்லை, இவ்வளவுதான் முதல் பாடம். இரும்பு இடுக்கியில் கறியைக் கவ்வி, கம்பி வலையின் இடுக்கு வழியாக நீட்டுகிறேன். முதலில் என்னைப் பார்த்துச் சீறினாள். நாற்பதாவது துண்டுக்குள் விசில் கேட்டதும் என் கையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

கூடத்து உதவியாளர் பெரியதம்பி அண்ணன் கதவு இயக்கும் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "புத்திசாலி அம்மிணி அது. உங்க ஊட்டுக்காரரு சொல்லுவாரு, இது நம்மளப் படிக்கும்னு."

அவர் வெளியில் நிறையப் பேசுவார்போல. வீட்டில் எங்கள் இருவருக்கும் நடுவே அதிகப் பேச்சு இருந்ததில்லை.

மார்ச் 15, சனி

அல்லி இப்போது விசிலுக்கு வந்து, வலை ஓரமாகப் படுத்து, கீழ்த் திறப்பின் பக்கம் வாலைக் கொண்டுவருகிறாள். ஒவ்வொரு அடிக்கும் ஒரு துண்டு.

பக்கத்துக் கூண்டில் மாறன் என்ற ஐந்து வயது ஆண்புலிக்கும் இதையே பழக்குகிறோம். டாக்டர் எனக்கு ஒன்று காட்டினார். இன்று மாறனுக்கு விசில் மட்டும் ஊதச் சொன்னார், கறி கிடையாது. முதல் தடவை வந்தான். இரண்டாம் தடவை வந்து என்னை முறைத்தான். ஐந்தாம் தடவை எழுந்து உள்ளே போய்விட்டான், அப்புறம் வரவேயில்லை.

"தப்பு நம்மளோடதுதான் அக்கா. ஒவ்வொரு தடவையும் கொடுத்துப் பழக்கிட்டோம். ஒரு நாள் நின்னதும், இனிமே கிடைக்காதுன்னு அவனுக்கு உடனே தெரிஞ்சுபோச்சு. எப்பவாவது கொடுத்துப் பழக்கினா, சுலபத்துல விடமாட்டான்."

வீட்டுக்கு வரும் வழியில் யோசித்தேன். எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி தினமும் காலை ஏழுக்கு வரும். ஒரு நாள் வராவிட்டால் எட்டு மணிக்கே குடத்தைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் உள்ளே போய்விடுவோம். குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்று ஒருவருக்கும் தெரியாது. அதற்குத்தான் மணிக்கணக்காக நிற்கிறோம். மாறனும் நாங்களும் ஒன்றுதான்.

மார்ச் 22, சனி

மாறனுக்குச் சில தடவை ஒரு துண்டு, சில தடவை ஒன்றுமில்லை, திடீரென்று ஒரு தடவை ஐந்து துண்டு. இப்போது தொடர்ந்து பதினான்கு தடவை வெறும் விசிலுக்கு வருகிறான். பார்க்கச் சிரிப்பாகவும் இருக்கிறது, பாவமாகவும் இருக்கிறது.

அல்லிக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் கொடுக்கிறோம். அவளிடம் சோதித்துப் பார்க்க நேரமில்லை.

மார்ச் 29, சனி

இன்று அல்லியின் வால் என் கையில் இருந்தது.

கையுறை போட்டிருந்தேன், ஆனாலும் அந்தச் சூடு தெரிந்தது. என் மணிக்கட்டைவிடத் தடிமன். உள்ளே எலும்பு கணுக்கணுவாக இருக்கிறது. அவள் இழுத்தால் என் தோள் கழன்றுவிடும். இழுக்கவில்லை. டாக்டர் குனிந்து ஊசியை வைத்தபோது வால் ஒருமுறை துடித்தது, பிறகு அடங்கியது. அந்தப் பக்கம் பெரியதம்பி அண்ணன் கறி கொடுத்துக்கொண்டே இருந்தார். சின்னக் குப்பியில் ரத்தம் ஏறியது. மனித ரத்தத்தின் அதே நிறம். வேறு எப்படி இருக்கும் என்று எதிர்பார்த்தேனோ தெரியவில்லை.

முடிந்ததும் டாக்டர் தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுதாரா சிரித்தாரா சொல்ல முடியாது.

மகள் ஓவியாவுக்கு ஃபோன் செய்தேன். ஈரோட்டில் நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கிறாள். "நல்லாருக்கேன், சாப்பிட்டேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். வாலைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை.

ஏப்ரல் 5, சனி

ரத்த முடிவு வந்தது. நினைத்ததைவிட மோசம். அல்லி பாதிக் கறியைத் தொடவில்லை.

ஏப்ரல் 9, புதன்

ஒன்றும் சாப்பிடவில்லை. விசில் ஊதினேன், காதுகூட அசையவில்லை. மறுபடி ஊதினேன். எழுந்து முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டாள்.

ஐந்து வாரத்தில் கற்றது இரண்டே நாளில் போய்விட்டது. பசியே இல்லாதவளுக்குக் கறி என்ன பரிசு? விசில் என்ன விசில்? டாக்டர் தலையைப் பிடித்துக்கொண்டார். தினமும் தோலுக்கடியில் இரண்டு லிட்டர் மருந்து நீர் ஏற்ற வேண்டும், இருபது நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும். அப்படி ஏற்றினால் விஷம் கரைந்து பசி திரும்பலாம். ஏற்றாவிட்டால் இரண்டு வாரம்.

ஏப்ரல் 11, வெள்ளி

ஈரல் வைத்தோம். உயிர்க்கோழி வாசனை காட்டினோம். பால், ஆட்டு ரத்தம். மோந்துகூடப் பார்க்கவில்லை.

மேலதிகாரி வந்தார். மயக்க ஊசி போட்டு ஒரே தடவையில் மருந்தை ஏற்றிவிடலாம் என்றார். "எந்திரிக்க மாட்டா சார்" என்றார் டாக்டர். "இப்படியே விட்டா மட்டும்?" என்று கேட்டார் அவர். கெட்டவர் இல்லை. புதன்கிழமைவரை பார்க்கலாம் என்று சொல்லிப் போனார்.

ஏப்ரல் 12, சனி

வெயில் ஏறுமுன் முயற்சி செய்யலாம் என்று, எட்டு மணிக்கு வர வேண்டியவள் ஆறு மணிக்கே வந்தேன். விடிந்துவிட்டிருந்தது. மயில்கள் கத்திக்கொண்டிருந்தன. பெரியதம்பி அண்ணன் முன்பக்கம் பெருக்கிக்கொண்டிருந்தார். நான் பின் நடைபாதை வழியாக உள்ளே போனேன்.

அல்லி எழுந்தாள். நான்கு நாளாகச் சாப்பிடாதவள், பின்கால் இழுபட நடந்து, கூண்டின் வடக்கு மூலைக்குப் போனாள். இடது விலாவை வலையில் சாய்த்து, வலைக் கண்களில் ரோமம் பிதுங்கும்படி அழுத்தி நின்றாள். கண் பாதி மூடியிருந்தது. மூக்கு வழியாகப் ப்ர்ர் என்று ஒரு சத்தம், குதிரை உதறுகிற மாதிரி, ஆனால் மெதுவாக.

அந்தப் பக்கம் யாருமே இல்லை. வெறும் சுவர், அதனருகே கவிழ்த்துப் போட்ட ஒரு சிமெண்ட் தொட்டி.

எத்தனை நேரம் நின்றாள் என்று பார்க்கக் கடிகாரத்தைத் திருப்பினேன். இருபத்திரண்டு நிமிடம். பிறகு தானாக விலகிப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

நான் போய் அந்தத் தொட்டியைத் தொட்டுப் பார்த்தேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

பெரியதம்பி அண்ணனைக் கேட்டேன்.

"அது தினமும் பண்றதுதானுங்க அம்மிணி. உங்க ஊட்டுக்காரரு அந்தத் தொட்டி மேலதான் உக்காருவாரு. டூட்டி எட்டு மணிக்குத்தான், இருந்தாலும் ஆறு மணிக்கெல்லாம் வந்துருவாரு. மூங்கில் குச்சிய வலையில உட்டு அது விலாவச் சொறிஞ்சுக்கிட்டே பேசிட்டிருப்பாரு. கறி கிறி ஒண்ணும் குடுக்க மாட்டாரு. சில நாள் சொறிவாரு, சில நாள் சும்மா பேச்சு மட்டும். லீவு நாள்ல வர மாட்டாரு. அப்பவும் இது வந்து நின்னு பாத்துட்டுப் போகும்."

"அவரு போனப்புறம்?"

"அப்புறமும் நிக்குதுங்க. ஆளே இல்லாத எடத்துல நாலு வருசமா நிக்குது."

"ஏன் அண்ணா யாருகிட்டயும் சொல்லல?"

"யாரும் கேக்கலீங்களே."

டாக்டரிடம் ஓடினேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "கறிக்குக் கத்துக்கிட்டது பசி போனதும் போயிருச்சு. இதுக்குப் பசி தேவைப்படல. அதோட, அவர் எந்த நாள் சொறிவார், எந்த நாள் வரவே மாட்டார்னு அவளுக்கு நிச்சயமாத் தெரியாது. அதனால எந்த நாளையும் அவ விடல. இது ஒரு காரணம்." பிறகு, "நாலு வருஷம் அக்கா. நாலு வருஷம்! நான் படிச்ச எதுலயும் இவ்வளவு காலம் இல்ல" என்றார்.

விடிவதற்குள் என் கணவர் வீட்டை விட்டுக் கிளம்பிப் போனது என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல்தான் என்று நான் நினைத்திருந்தேன்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை முதல் நாள். ஆறு மணிக்குத் தொட்டிமேல் உட்கார்ந்தேன். அல்லி வந்தாள், என்னைப் பார்த்ததும் நின்றாள். அந்த மஞ்சள் கண்கள் இரண்டடி தூரத்தில். என் வாழ்க்கையில் யாரும் என்னை அவ்வளவு முழுதாகப் பார்த்ததில்லை. "சாப்பிட்டியா?" என்றேன். முட்டாள்தனமான கேள்வி. திரும்பிப் போய்விட்டாள்.

என்னால் கெட்டுவிடுமோ என்று பயம். நான்கு வருடம் காலியாக இருந்தபோதுகூட வந்து நின்றவள், நான் உட்கார்ந்ததும் போய்விட்டாள்.

அவர் அங்கே என்னதான் பேசுவார் என்று பெரியதம்பி அண்ணனிடம் கேட்டேன். துடைப்பத்தைத் தட்டிக்கொண்டே இருந்தார். வற்புறுத்தினேன்.

"ஊட்டுக் கதைதானுங்க. நேத்து என்ன கொழம்பு, பாப்பா என்ன மார்க்கு." துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். "கடைசியில பல மாசமா வேற ஒண்ணு சொல்லிட்டிருந்தாரு. ‘இன்னைக்கும் பேசல அல்லி. நாளைக்குப் பேசுவா’ம்பாரு. யாரு என்னன்னு நாங் கேட்டுக்கல."

கேட்டுக்கொள்ளாமல் இருந்ததற்கு அவருக்கு நன்றி.

சோறு வடித்தேன். சாப்பிடவில்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

விடுமுறை. ஆள் அரவமே இல்லை. மூங்கில் குச்சியோடு போய் உட்கார்ந்தேன். இந்த முறை கேள்வி எதுவும் கேட்கவில்லை. நேற்று வைத்த ரசத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். அல்லி நடுக்கூண்டில் நின்று கேட்டாள். ஓவியா இன்ஜெக்‌ஷன் போடக் கற்றதைச் சொன்னேன். ஓர் அடி வந்தாள். பிறகு வேறு ஒன்று சொன்னேன். அதை இங்கே எழுதப் போவதில்லை. சொல்லும்போது நான் தலை நிமிரவில்லை.

வலை கிறீச்சிட்டது. நிமிர்ந்தபோது அவள் விலா என் முழங்காலுக்கு எதிரே இருந்தது. கோடு கோடாக, மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கிக்கொண்டு. குச்சியை வைத்துச் சொறிந்தேன். ப்ர்ர் என்றாள். அந்த அதிர்வு குச்சி வழியாக என் முழங்கைவரை வந்தது.

இத்தனை பெரிய உயிர்!

ஏப்ரல் 16, புதன்

மேலதிகாரி மயக்கத் துப்பாக்கியோடு வரச் சொன்ன ஆட்கள் வெளியே வண்டியில் காத்திருந்தார்கள். ஆறு மணிக்கு நான் தொட்டியில். என் பின்னால் டாக்டர், கையில் நீளக் குழாய் மாட்டிய ஊசி. மருந்துப் பை மேலே தொங்கியது.

அல்லி வந்து சாய்ந்தாள். நான் பேசினேன், சொறிந்தேன். "இப்ப" என்று டாக்டர் காதில் சொன்னார். ஊசி போனது. அல்லி தலையை வெடுக்கென்று திருப்பி டாக்டரைப் பார்த்தாள், உதடு விலகிப் பல் தெரிந்தது. நான் பேச்சை விடவில்லை. என்ன பேசினேன் என்று நினைவில்லை, குரல் நின்றுவிடக் கூடாது என்பது மட்டும்தான் நினைவு. அவள் என்னைப் பார்த்தாள். மெல்லத் தலையைத் திருப்பிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடினாள்.

பத்தொன்பது நிமிடம். ஒரு துண்டு கறி கிடையாது. ஒரு விசில் கிடையாது. இரண்டு லிட்டரும் இறங்கியது.

மேலதிகாரி நடைபாதை முனையில் நின்றிருந்ததை அப்புறம்தான் பார்த்தேன். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நின்றிருந்தார். சத்தம் வரக் கூடாது என்று கழற்றினாராம். வெளியே போய் அந்த வண்டியைத் திருப்பி அனுப்பினார்.

ஏப்ரல் 17

இரண்டு லிட்டர்.

ஏப்ரல் 18

இரண்டு லிட்டர். பாதியில் விலகினாள். தடுக்கவில்லை. ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தாள்.

ஏப்ரல் 21, திங்கள்

நான்கு துண்டு கறி சாப்பிட்டாள்! பெரியதம்பி அண்ணன் கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு ஓடினார், கேட்க மாறனைத் தவிர யாருமில்லை.

ஏப்ரல் 26, சனி

மூன்று கிலோ. கண் தெளிந்திருக்கிறது. டாக்டர் சொல்கிறார், இது குணமாகும் நோய் இல்லை, ஆனால் ஒரு வருடம் கிடைக்கலாம், அதற்கு மேலும்கூட. புலியின் ஒரு வருடம் சின்னதில்லை.

மே 4, ஞாயிறு

ஓவியா லீவுக்கு வந்திருக்கிறாள். காலையில் கூட்டிப் போய்க் காட்டினேன். வெளி வலைக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும், "அம்மா, நீ இவ்ளோ பேசுவியா? எங்கிட்ட ரெண்டு வார்த்தையில ஃபோன வச்சுர்ற?" என்றாள்.

அரிசி களைந்துகொண்டிருந்தேன். கையை நீரிலிருந்து எடுக்காமலே சொன்னேன். "உங்கப்பாவுக்கு மெட்ராஸுக்குப் பதவி உயர்வோட மாத்தல் வந்துச்சு. என்னக் கேக்காம வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டாரு. அதுலருந்து நான் அவருகூடப் பேசல. ஒன்பது மாசம். அவரு போன அன்னைக்குக் காலையில கிளம்பறப்ப நான் முழிச்சுத்தான் படுத்திருந்தேன். எந்திரிக்கல."

நான்கு வருடத்தில் இதை ஒரு மனிதரிடம் சொன்னது இதுதான் முதல் முறை.

"தெரியும்மா" என்றாள் ஓவியா.

"தெரியுமா?"

"அப்பா என்ன சாயங்காலம் டியூஷனுக்குக் கூட்டிட்டுப் போறப்ப சொல்வாரு. ‘இன்னைக்கு உங்கம்மா காபியில சக்கரை சரியாப் போட்டிருக்கா பாப்பா, கோவம் கொறையுது’ன்னு. மறுநாள் கசக்கும். ‘பரவால்ல, நேத்து நல்லாருந்துச்சில்ல’ம்பாரு. அப்புறம் ஒரு வாரம் கழிச்சு இனிக்கும். அன்னைக்கெல்லாம் விசிலடிச்சுக்கிட்டே வருவாரு."

கோபத்தைக் கணக்கு வைத்து நான் சர்க்கரை போட்டதில்லை. கை போனபடி போட்டிருப்பேன். ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும். அதை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் ஒன்பது மாதம் இருந்திருக்கிறார்.

அரிசியை அப்படியே விட்டுவிட்டு மகளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மே 19, திங்கள்

ரத்தம் மறுபடி எடுத்தோம், வாலிலிருந்து, விழித்திருக்கும்போதே. எண்கள் இறங்கியிருக்கின்றன. இனி தினமும் மருந்து ஏற்ற வேண்டாம், வாரத்துக்கு இரண்டு நாள் போதும் என்றார் டாக்டர். "மத்த நாள்ல நீங்க எட்டு மணிக்கே வந்தாப் போதும் அக்கா, தூங்குங்க."

ஆறு மணிக்கே வருவேன் என்றேன்.

"ஊசி இல்லாத நாள்ல என்ன வேலை?"

"அவகிட்ட இன்னும் பாதிதான் சொல்லிருக்கேன் டாக்டரம்மா."